இடது உதட்டோரம்

நாற்சந்தி நடுவே நிற்கும் நீதிபதி, நூலக வாசலில் உட்கார்ந்திருக்கும் வள்ளல், ரயில் நிலையத்துக்கு எதிரே தொப்பியோடு நிற்கும் தளபதி. இந்த மூன்று பேரும் உயிரோடிருந்த காலத்தில் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. ஆனால் மூவருக்கும் ஒரே மூக்கு. நடுவில் லேசாகப் புடைத்து, நுனி கீழ்நோக்கிப் பார்க்கும் மூக்கு. அது அவளுடைய மாமனாரின் மூக்கு. கல்யாணமான புதிதில் நீதிபதியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பாள். ஊரிலுள்ள சிலைகளில் பாதி தனக்கு மாமனார் முறை என்று பிறகு மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அதெல்லாம் சிரிக்கத் தெம்பிருந்த காலம்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. அந்தக் குடும்பத்துச் சிற்பிகள் முகம் செய்கிற விதம் அப்படி. போட்டோவைப் பார்த்து நெற்றி இவ்வளவு, தாடை இவ்வளவு என்று அளந்து கல்லில் குறித்துக்கொள்வார்கள். அத்தோடு போட்டோவின் வேலை முடிந்தது. தோலுக்கு அடியில் எலும்பு எங்கே எழும்புகிறது, சதை எங்கே மடிகிறது என்பதையெல்லாம் எந்தப் போட்டோவும் சொல்லாது என்பது அவர்கள் கட்சி. அதைத் தன் முகத்திடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். உளியில் இரண்டு தட்டு. பிறகு சுத்தியலைத் தொடையில் வைத்துவிட்டு, கல்லில் செதுக்கிய அதே இடத்தைத் தன் முகத்தில் விரலால் ஒரு தடவு. மறுபடி இரண்டு தட்டு. மாமனார் அப்படித்தான் செய்தார். அவருடைய அப்பாவும் அப்படித்தானாம். அவள் கணவருக்குத் தெருவில் ‘ரெண்டு தட்டு’ என்றே பேர். சாயங்காலம் அவர் முகத்தில் எங்கே வெள்ளைத்தூள் அப்பியிருக்கிறது என்று பார்த்தால் போதும், அன்றைக்கு எந்த இடத்தில் வேலை நடந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவளுடைய வேலை தேய்ப்பது. அவர் உளியை வைத்த பிறகு, உளி போன தடமெல்லாம் மறையும்வரை தேய்க்க வேண்டும். முதலில் முரட்டுக்கல், அப்புறம் சொரசொரப்பான உப்புத்தாள், அப்புறம் அதைவிட மென்மையானது, கடைசியில் விரலுக்கே சொரசொரப்புத் தெரியாத தாள். எல்லாம் தண்ணீர் விட்டுத்தான். ஒரு ஆள் உயரச் சிலைக்கு இரண்டு மாதம் ஆகும். முப்பத்தோரு வருஷமாகத் தேய்த்ததில் கல் மட்டுமா தேயும்? போன வருஷம் வங்கியில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். மெஷின் அவளை ஒரு ஆளாகவே ஒத்துக்கொள்ளவில்லை. கவுன்டரில் இருந்த பெண், “என்னம்மா வேலை செய்யறீங்க?” என்று கேட்டாள். “சும்மா வீட்லதான்,” என்று சொல்லிவிட்டு வந்தாள். விளக்கிச் சொல்ல அன்றைக்கு அலுப்பாக இருந்தது.

தோள்பட்டை போய் நாலு வருஷம் ஆகிறது. வலது கை தலைக்கு மேல் எழுவதில்லை. தலைவாரிக்கொள்ள இடது கைக்குப் புதிதாகப் பழக்கம் கற்றுக்கொடுத்தாயிற்று. மகள் போனில் பேசும்போதெல்லாம், “போதும், நிறுத்துங்கம்மா,” என்பாள். நிறுத்துவது என்றால் அவள் மட்டும் நிறுத்துவதில்லை. தேய்க்க ஆள் இல்லாவிட்டால் அவர் செதுக்கி என்ன பயன்? வெளியாளைத் தன் முகங்களைத் தொட விட மாட்டார். ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவள் வாய் திறந்து கேட்டாள். “எனக்குக் களைப்பா இருக்கு. போதுமே.” அவர் உளியிலிருந்து கண்ணை எடுக்காமல், “நான்ல அடிக்கிறேன். உனக்கு என்ன, தேய்க்கிறதுதானே,” என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

இப்போது கொட்டகையில் நிற்பது ஒரு மருத்துவச்சி. நாற்பது வருஷம் ஒரே மருத்துவமனையில் பிரசவம் பார்த்தவள். அவள் கையில் பிறந்தவர்களே ஒன்றுகூடி, மருத்துவமனை வாசலில் வைப்பதற்குச் சிலை கேட்டிருந்தார்கள். வெள்ளைக் கல். கைகள் இரண்டும் முன்னால் நீண்டு, எதையோ வாங்கிக்கொள்ளப் போவதுபோல் இருக்கும். வாய் மூடியபடி ஒரு சிரிப்பு. கை, புடவை எல்லாம் தேய்த்து முடித்தாயிற்று. முகம் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை லாரி வரும்.

இதோடு போதும் என்று இந்த முறை அவரே சொல்லுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஆனால் போன வாரம் ஒரு கல்லூரியிலிருந்து செயலாளர் வந்து, கல்லூரியை ஆரம்பித்த ஏழு பேருக்கும் ஏழு சிலை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு சிலை என்றால் மூன்று வருஷம். கணவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அவள் பார்த்தாள். “புதன்கிழமை போன் பண்ணிச் சொல்றேன் சார்,” என்று மரியாதைக்குச் சொன்னாரே தவிர, அவர் மனசு அன்றைக்கே தலையாட்டிவிட்டது. அவள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. மூன்று வருஷம் என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் மருத்துவச்சியின் முகத்தில் கை வைத்தாள்.

அவர் கல் தேர்ந்தெடுக்க வெளியே போயிருந்தார், அந்த ஏழு பேருக்குத்தான். அவள் ஸ்டூலில் ஏறி, தண்ணீர்க் குழாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். தேய்க்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. நெற்றி சரி. கன்னம் சரி. வலது மூக்கோரத்திலிருந்து உதட்டுக்கு இறங்கும் சிரிப்பு மடிப்பு பதமாக விழுந்திருந்தது. இடது பக்கம் போனாள். மடிப்பு இல்லை. வழுவழுவென்று இருந்தது. உதட்டோரத்தைத் தொட்டாள். ஒரு அரிசி அளவு கீழே இறங்கியிருந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தாள். பார்வைக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. கொஞ்சம் ஒருக்களித்த சிரிப்பு, அவ்வளவுதான். தள்ளி நின்று பார்த்தாள். அப்போது தெரிந்தது. முகத்தின் ஒரு பாதி சிரித்தது, மறுபாதி சும்மா இருந்தது. வெயில் இன்னும் கொஞ்சம் ஏறி மேலிருந்து அடித்தால் யாருக்கும் தெரியும். மருத்துவமனை வாசலில் நாள் முழுக்க மேலிருந்துதான் அடிக்கும்.

அந்த உதட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, அவர் குடித்த டீ இடது கடைவாய் வழியாக ஒழுகிச் சட்டையில் விழுந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. பக்கவாதம் என்று பதறி ஓடினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, முகத்து நரம்பு ஒன்று வீங்கியிருக்கிறது, நாளாக நாளாகச் சரியாகும் என்றார். மூன்று மாதம் அவள் எண்ணெய் போட்டு நீவிவிட்டாள், கடைவாயைத் துடைத்துவிட்டாள். ஒரு நாள் அவர் விசிலடித்துக் காட்டினார். “பாத்தியா? முழுசா சரியாயிடுச்சு.” முழுசாக ஆகவில்லை. இன்றைக்கும் டீ குடித்தால் ஒரு சொட்டு நிற்கும். இதைப் போய்ச் சொல்வானேன் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஆக, அவர் தப்பாகச் செதுக்கவில்லை. இரண்டு தட்டு, ஒரு தடவு. தன் முகத்தில் இருந்ததை ஒரு மயிரிழை பிசகாமல் கல்லில் இறக்கியிருக்கிறார். மூன்று தலைமுறையாக எப்படிச் செய்தார்களோ அப்படியேதான் செய்திருக்கிறார். அதுதான் தப்பாகப் போயிற்று.

அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். குழாயிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சொல்லாமல் விட்டால், சிலை போய் வாசலில் நிற்கும். மருத்துவச்சியின் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். யாராவது ஒருத்தர், அவளுக்குத் தெரியாத யாரோ ஒருத்தர், நாலு பேர் முன்னால் அவரிடம் கேட்பார். அதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சத்தம் காட்டாமல் தானே சரிசெய்துவிடலாம். கன்னத்தில் கல் மிச்சம் இருந்தது. முரட்டுக்கல்லை வைத்து இரண்டு நாள் தேய்த்தால் ஒரு மடிப்பைக் கொண்டுவந்துவிடலாம். முரட்டுக்கல்லைக் கையில் எடுக்கவும் செய்தாள். மூன்று தேய்ப்புத் தேய்த்தாள். பிறகு அந்த ஏழு பேர் நினைவுக்கு வந்தார்கள். ஏழு முகம். ஏழு இடது உதடு. அவருக்குத் தெரியாமல் மூன்று வருஷம் திருட்டுத்தனமாகத் தேய்க்க வேண்டும். கல்லைக் கீழே வைத்தாள்.

மிஞ்சியது சொல்வது. சொன்னால் அவர் நிறுத்திவிடுவார், சந்தேகமே இல்லை. தன் முகத்தை நம்ப முடியாத மனிதர் எந்த முகத்தைச் செய்வார்? ஏழு சிலையும் போய்விடும். அவளுடைய தோளுக்கும் விரலுக்கும் விடுதலை. முப்பத்தோரு வருஷத்தில் அவள் ஒருமுறை கேட்டது ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிடும். அதனால்தான் அவளுக்கு நாக்கு எழவில்லை. மகளோ டாக்டரோ சொன்னால் அது உண்மை. அவள் சொன்னால் அது உண்மையா, அவளுடைய களைப்பா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவர் சம்பாதித்த பெயரை, அவர் அப்பா பழக்கிவிட்ட கையை, தன் தோள்வலிக்காக உடைத்துப் போடுகிறேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மருத்துவச்சி ஒரு பாதி சிரித்துக்கொண்டு நின்றாள்.

திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று. முகத்தை இன்னும் தேய்க்காமல் வைத்திருப்பதை அவர் கவனித்து, “என்ன, முகம் அப்படியே இருக்கு?” என்று கேட்டார். “தோள் வலிக்குது,” என்றாள். “சரி, நாளைக்குப் பண்ணு,” என்றார். அவளுக்கு வந்த எரிச்சலில் கண்ணீர் முட்டியது. நாளைக்கு என்றால் புதன்கிழமை.

புதன்கிழமை காலை அவரே டீ போட்டுக்கொண்டு வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். மூன்று கல் பார்த்து வைத்திருப்பதாகவும், ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை என்றும் சொன்னார். டீயைக் குடித்தார். கடைவாயில் ஒரு சொட்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், யோசித்து வைத்த எதையும் சொல்லாமல், பட்டென்று வேறு மாதிரி ஆரம்பித்துவிட்டாள்.

“அந்தம்மாவோட இடது உதடு இறங்கியிருக்குங்க.”

“எந்தம்மா?”

“இவங்கதான். மடிப்பும் விழல.”

அவர் சிரித்தார். கோபப்படக்கூட இல்லை. எழுந்து போய்ச் சிலையின் உதட்டோரத்தைத் தடவினார். தன் உதட்டோரத்தைத் தடவினார். மறுபடியும் சிலை, மறுபடியும் தன் முகம். “சரியாத்தானே இருக்கு,” என்றார். “ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லையே.”

“ஆமா,” என்றாள் அவள். “வித்தியாசம் இல்ல.”

அவருக்குப் புரியவில்லை. அவள் எழுந்து வந்தாள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அவருடைய கையைப் பிடித்து இழுத்து, அந்தக் காய்ந்த விரல்களைத் தன் முகத்தில் வைத்தாள். வலது மூக்கோரம். அங்கிருந்து உதடு வரை. பிறகு இடது பக்கம், அதே வழி. “சிரிக்கிறேன், பாருங்க,” என்று சொல்லி, வராத சிரிப்பை வரவழைத்துச் சிரித்தாள். அவர் விரலுக்கு அடியில் இரண்டு பக்கமும் மடிந்தது. பிறகு அதே கையை அவர் முகத்துக்குக் கொண்டுபோனாள். “இப்ப நீங்க சிரிங்க.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்துப் பார்க்கப் பயப்பட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வலது பக்கம் மட்டும் மேலே போயிற்று. அவருடைய விரல் இடது பக்கத்திலேயே நின்றது. எதற்கோ காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை.

கையை எடுத்தார். மிச்சமிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்தார். தொட்டியில் தண்ணீர் மொண்டு முகம் கழுவினார். திரும்பவும் ஒருமுறை கழுவினார். இதையெல்லாம் ஏன் செய்கிறார் என்று அவள் கேட்கவில்லை. அவர் கோபத்தில் கத்தியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

“எப்பக் கண்டுபிடிச்சே?”

“திங்கக்கிழமை.”

“ரெண்டு நாளா சொல்லல.”

“சொன்னா நிறுத்திடுவீங்களேன்னு இருந்துச்சு.” பொய் சொல்லப் பிடிக்காமல், “நிறுத்தணும்னுதான் எனக்கும் ஆசை. அதனாலதான் சொல்லல,” என்றாள்.

அவர் இரண்டு ஸ்டூல்களைச் சிலைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இன்னொன்றைக் கண்ணால் காட்டினார். “உக்காரு. உன் மூஞ்சியக் குடு.”

அவள் ஏறி உட்கார்ந்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவராக அவள் முகத்தைத் தொட்டதில்லை. இப்போது தொட்டதிலும் ஆசை ஒன்றும் இல்லை. கட்டைவிரலால் அழுத்தி, எலும்பு எங்கே என்று தேடி, சதையை இப்படியும் அப்படியும் தள்ளினார். கத்தரிக்காயைக்கூட யாரும் இவ்வளவு அழுத்திப் பார்த்து வாங்க மாட்டார்கள். இரண்டு தட்டு, அவள் கன்னத்தில் ஒரு தடவு. இரண்டு தட்டு, ஒரு தடவு. “சிரி,” என்பார். அவள் சிரிப்பாள். “போதும்.” அவள் நிறுத்துவாள். பழைய உதட்டோரம் மோவாயோடு சேர்ந்து மறைந்தது. அதற்கு மேலே, கன்னத்துக் கல்லுக்குள்ளிருந்து புதிய உதட்டோரம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. கையைப் பார்த்தால் பழைய கைதான். ஒரு தட்டுக்கூட வீணாகவில்லை. இப்படிப்பட்ட கையை நிறுத்தச் சொல்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது.

மத்தியானம் வரை நடந்தது. அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது, கழுத்து நின்ற இடத்திலேயே இறுகிவிட்டது. தேய்ப்பதைவிட இது மோசம் என்று தோன்றியது. தேய்க்கும்போது அசையவாவது செய்யலாம். இப்படியே இன்னும் ஏழு முகத்துக்கு உட்காரச் சொல்லப் போகிறார் என்பதும் தோன்றியது. வழி கிடைத்துவிட்டதே. அவர் முகம் இல்லாவிட்டால் அவள் முகம். தேய்க்கவும் அவள், தடவவும் அவள். உண்மையைச் சொல்லி, இருந்த வேலையை இரட்டிப்பாக்கிக்கொண்டவள் உலகத்தில் நாம் ஒருத்தியாகத்தான் இருப்போம் என்று நினைத்தாள். சிரிப்புக்கூட வந்தது. “சிரிக்காதே, இப்ப வேணாம்,” என்றார் அவர்.

மடிப்பை முடித்துவிட்டு, கன்னம் எங்கே தாடையோடு சேர்கிறது என்று பார்க்க, அவர் விரல் அவள் காதுக்குக் கீழே இறங்கியது. அங்கே நின்றது. அழுத்திப் பார்த்தது. வலது பக்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

“இது என்ன?”

“எது?”

“இங்க. கல்லு மாதிரி இருக்கு. அந்தப் பக்கமும் இருக்கு, இங்க இன்னும் கெட்டியா இருக்கு.”

அவள் தொட்டுப் பார்த்தாள். தாடை எலும்பின் மேல் சதை கெட்டியாகத் திரண்டிருந்தது. அவளுக்கு அது புதிதில்லை. “தேய்க்கிறப்ப பல்லை இறுக்கிக்குவேன். வலி தெரியாம இருக்கும். அதுல அப்படி ஆயிடுச்சு.”

“எவ்வளவு நாளா?”

“ஞாபகம் இல்ல. இவ பிறக்கிறதுக்கு முன்னாலேர்ந்து இருக்கும்.” மகளைத்தான் சொன்னாள்.

அவருடைய கை அங்கேயே இருந்தது. இந்த முறை அழுத்தவில்லை. உளி மற்ற கையில் சும்மா இருந்தது. கல்லில் ஒளிந்திருக்கும் கீறலைக் கண்டுபிடிக்கிற மனிதர், தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, அவள் தாடையில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார். அவளை இறங்கச் சொல்லவில்லை. அவளும் இறங்கவில்லை.

கொட்டகை மூலையில் மேஜை மேல் இருந்த போனை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து அழுத்தினார்.

“வணக்கம் சார். சிலை செய்யறவன் பேசறேன். அந்த ஏழு சிலை விஷயமா… இல்ல சார், ஆகாது.”

அந்தப் பக்கம் செயலாளர் ஏதோ நீளமாகப் பேசினார்.

“சேச்சே, வேற வேலை எதுவும் ஒத்துக்கல. கல்லும் நல்லதாவே கிடைச்சுது. அதில்ல சார்.” அவருடைய கை தானாகத் தன் இடது கன்னத்துக்குப் போயிற்று. “எனக்கு…” என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். கையைக் கீழே போட்டார். “எங்க வீட்ல ரொம்பக் களைச்சுப் போயிட்டாங்க சார். முப்பத்தோரு வருஷமா தேய்க்கிறாங்க. இதுக்கு மேல அவங்களால முடியாது. ஆமா சார். அதுதான் காரணம். வேற ஒண்ணுமில்ல.”

போனை வைத்தார். அவள் பக்கம் திரும்பாமல் உளிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. சுத்தமான கோபம். விழுந்தது அவர் முகம். பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டுவிட்டார். நாளைக்கு அந்தச் செயலாளர் நாலு பேரிடம் சொல்வார், பெண்டாட்டிக்கு முடியவில்லையாம், அதனால் நல்ல சிற்பி ஒருவர் வேலையை விட்டுவிட்டாராம் என்று. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. முப்பத்தோரு வருஷமாக அவர் வாயால் ஒரு தடவையாவது கேட்டுவிட மாட்டோமா என்று அவள் ஏங்கிக் கிடந்த வார்த்தை. அதை யாரோ முகம் தெரியாத ஒரு ஆளிடம், ஒரு சாக்காக, முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லிவிட்டார். கோபத்தோடு சேர்ந்து அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் வெளியே வரும் என்று தெரியாமல், புதுத்தூள் அப்பிய கன்னத்தோடு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“ஆமா,” என்றாள் கடைசியில். “களைச்சுத்தான் போயிட்டேன்.”

அவர் உளியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்.

“இப்பத்தான் கையில தெரிஞ்சுது,” என்றார்.